பாதரசமும் இழப்பீட்டு வழக்கும்: பரிசோதனைச் சீட்டு சொல்லாதவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வங்கிக் கணக்குப் பிரச்சினைக்காக, வழக்கறிஞரான என்னிடம் வந்தார். பணம் எடுக்கும் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து, கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையது ஒரே வீச்சில் போட்டது. புதியதில் ஒவ்வொரு கோடும் நடுங்கியிருந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, நகைப் பட்டறைகளில் கூட்டிச் சேர்த்த தூசியைப் பாதரசத்தோடு பிசைந்து, அந்தக் கலவையைச் சூடேற்றித் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் இடமொன்றில் பதினோரு ஆண்டுகள் இருந்ததாகச் சொன்னார். வங்கி விவகாரம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அந்த நடுக்கத்துக்கான வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்தது.

அவர் வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறுநீரில் பாதரசத்தின் அளவைச் சோதித்தோம். இயல்பான அளவே இருந்தது. எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே வழக்கை நடத்தியது. உடலில் பாதரசமே இல்லாதபோது பாதிப்பு எங்கிருந்து வந்தது, நடுக்கத்துக்குக் குடிப்பழக்கம் காரணமாக இருக்கலாமே என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது மருத்துவத்துக்கு முரணானது.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசிக்கும் ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்கிறது. கருவில் இருக்கும் குழந்தையையும் அது எட்டும். விரல்களிலும் இமைகளிலும் உதடுகளிலும் நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, மறதி ஆகியவை வரும். அவற்றோடு காரணமற்ற கோபமும் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கடைசி மாற்றத்தை மருத்துவருக்கு முன்பே மனைவிமார் கவனித்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். (குழந்தை வெப்பமானியை உடைத்து ஒரு துளி பாதரசத்தை விழுங்கிவிட்டால் வீடே பதறுகிறது, விழுங்கிய உலோகப் பாதரசத்தில் மிகச் சிறு பங்கே குடலில் உறிஞ்சப்படுகிறது. தரையில் சிதறி ஆவியாகிக்கொண்டிருக்கும் மீதியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.)

உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி சுமார் இரண்டு மாதங்களில் வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் பாதி அடுத்த இரண்டு மாதங்களில். ஆகவே வேலையை விட்டு ஓராண்டு கழித்துச் செய்யும் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. நரம்புகளில் விளைந்த கேடு மட்டும் நிலைத்துவிடலாம். சிலிக்கா தூசியும் கல்நாரும் நுரையீரலிலேயே தங்கித் தடயம் விட்டுவைக்கின்றன. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் கிடக்கிறது. பாதரச வழக்குகளில் உடல் சாட்சி சொல்லும் காலம் மிகக் குறைவு என்பதால், வேலையில் இருக்கும்போதே எடுத்த பரிசோதனை முடிவுகள்தாம் வழக்கின் முதுகெலும்பு.

இதற்குக் கொடைக்கானலைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை அது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டில் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். ஆலைப் பணியால் எவருடைய உடல்நலமும் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது 2016 மார்ச்சில். கழிவைக் கண்ணால் பார்க்க முடிந்தது, எடை போட முடிந்தது. அப்படியிருந்தும் உடலுக்கு நேர்ந்ததைப் பேசித் தீர்க்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

சட்டம் தொழிலாளிக்கு எதிராக எழுதப்படவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் பாதரச நோயைத் தன் மூன்றாம் அட்டவணையின் ‘பி’ பகுதியில் வைத்திருந்தது. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அத்தகைய பணியில் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இன்று அதன் இடத்தில் வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் இந்த அனுகூலம் கிடைக்க, முதலில் அந்த ஆறு மாத வேலையை நிறுவ வேண்டும். நகைப் பட்டறையிலும் ஒப்பந்தக்காரரிடமும் வேலை பார்த்தவரிடம் சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்?

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்கள் அந்தக் காப்பீட்டின் வழியில்தான் போக வேண்டும். அதே நோய்க்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கோரும் வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டு இரண்டாண்டுகளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலைக்கு வெளியே குடியிருந்து பாதிக்கப்பட்டவர்கள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டின் சட்டம் இழப்பீடு கோர ஐந்து ஆண்டுகள் அவகாசம் தருகிறது. ஆனால் தொழிலாளியின் காயத்தையும் மரணத்தையும் அதன் 17ஆவது பிரிவு வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. சுவருக்கு உள்ளே சுவாசித்தவருக்கு ஒரு வாசல், வெளியே சுவாசித்தவருக்கு வேறொரு வாசல்.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வரும் புறநோயாளிச் சீட்டுகளில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டுமே இருக்கிறது. ‘பாதரசத்தைச் சூடேற்றும் வேலை, பதினோரு ஆண்டுகள்’ என்று அங்கே ஒரு வரி இருந்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வரி ஒரு குடும்பத்தைத் தாங்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழில்சார் நோயைக் கண்டறியும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 89ஆவது பிரிவில் விதித்திருந்தது. அப்படி அனுப்பப்பட்ட ஒரு கடிதத்தையும் என் கட்சிக்காரர்களின் கோப்புகளில் நான் கண்டதில்லை.

என்னிடம் வந்தவரின் வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகை போதுமானது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அளவுக்காவது எதிர்த்தரப்பை இறங்கிவரச் செய்தவை இரண்டு: நரம்பியல் மருத்துவரின் அறிக்கை, வங்கியில் தேதியோடு இருந்த அந்தப் பழைய கையெழுத்து. இப்போது பாதரசத்தோடு வேலை செய்பவர்கள் யார் வந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். அதே நாளில் ஒரு வெள்ளைத் தாளில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, அந்தச் சீட்டோடு சேர்த்து வீட்டில் வைக்கவும் சொல்கிறேன்.