ஆட்டம் எப்போது உடற்பயிற்சி ஆகிறது?

வேலூர்ப் பள்ளிகளில் ஆண்டுவிழா ஒத்திகை நடக்கும்போது பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வரிசை சரிசெய்வதிலும், பாட்டை நிறுத்தி நிறுத்தித் திருத்துவதிலும் போய்விடும். பிள்ளைகள் ஆடியது போலத்தான் தோன்றும். இதயத்துக்குப் பெரிய வேலை இருந்திருக்காது.

5 முதல் 17 வயது வரை, தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆட்டம் அந்த அளவை எட்டுகிறதா என்று பார்ப்பது எளிது. 15 வயதில் இதயத்தின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 200. பாட்டு முடிந்த உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 32 முதல் 38 வந்தால், அதாவது அந்த உச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு, மிதமான உழைப்பு. அதற்கு மேல் கடும் உழைப்பு. சில வாரங்கள் விடாமல் இப்படி ஆடினால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் கூடும். அதனால் அதே பாட்டுக்கு, அதே வேகத்தில் ஆடும்போது எண்ணிக்கை குறையும். உடல் தேறியதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

ஆகவே கற்பதையும் ஆடுவதையும் பிரித்துவிடுங்கள். 10 நிமிடம் உடலைச் சூடாக்க, 20 நிமிடம் புது அடவு (காலும் கையும் சேர்ந்த ஆட்ட அசைவு). பிறகு 25 நிமிடம், நன்றாகத் தெரிந்த அடவுகளை மட்டும் நிறுத்தாமல் ஆட வேண்டும். தெரியாத அடவில் கால் தயங்கும், துடிப்பு இறங்கிவிடும். கடைசி 5 நிமிடம் மெல்ல அடங்க.

வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கிரீடமும், தோளில் அணியும் புஜகீர்த்தியும் கட்டிய வேடக்காரர் சுழன்று, குதித்து, தரையை ஓங்கி மிதிக்கிறார். குதித்து இறங்கும் அதிர்வுதான் எலும்பை வலுவாக்குகிறது. வளரிளம் பருவத்தில் அதற்குப் பலன் அதிகம். சுழற்சி, காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பையும் கணுக்காலையும் பழக்குகிறது. கைக்கும் தோளுக்கும் மட்டும் ஆட்டம் போதாது, தண்டால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குதிப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கிடுகிடுவென உயரும் வயதில் முழங்காலுக்குக் கீழே, தசைநாண் எலும்பைப் பிடிக்கும் இடம் இன்னும் இறுகியிருக்காது. சிமென்ட் தரையில் முட்டியை மடக்காமல் இறங்கினால் அங்கே வலியும் வீக்கமும் வரும். மண் தரை நல்லது. அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், முட்டி பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கட்டும். வலி வந்தால் சில வாரம் குதிப்பதை நிறுத்தி, வலிக்காத அடவுகளை ஆடலாம். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் ஒத்திகையை முடித்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே நிழலில் படுக்க வைத்து, உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.