போல்ட் ஏறிவிட்டது, பெல் ஹவுசிங் பொருந்திவிட்டதா?

பழைய கேஇ70 கொரோலாவில் நான்கு கியர் பெட்டியோடு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருளுகிறது, பின் அச்சின் விகிதம் 3.9, நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும். டொயோட்டாவின் டி50 ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.861. அதே வேகத்துக்கு 3,400 சுற்று போதும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆசை இப்படித்தான் தொடங்கும். எஞ்சினையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சின் ஒன்றை, வெட்டி எடுத்த பழைய கார்களின் பாதிகளை விற்கும் ஹாஃப்-கட் கடையில் பிடிப்பார்கள். டி50 இன்னொரு கடையில் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், பெட்டியின் முன்னால் இருக்கும் பெல் ஹவுசிங் பழைய டி வரிசை எஞ்சினுக்கானதாக இருக்கும். 2டி, 3டி எஞ்சின்களுக்கும் டி50 போட்டார்கள், 4ஏ வரிசைக்கும் போட்டார்கள். பெட்டி ஒன்றுதான், பெல் வேறு. நல்லவேளையாக டி50-இல் பெல்லைத் தனியாகக் கழற்றலாம், சரியான பெல்லைத் தேடினால் போதும். நிஸ்ஸானின் 71பி மாதிரி பெட்டிகளில் பெல்லும் பெட்டியின் முன்பாதியும் ஒரே வார்ப்பு. அங்கே கதையே வேறு.

பெல் ஹவுசிங் பார்க்க ஒரு அலுமினிய மூடி மாதிரிதான் இருக்கும். கிளட்ச்சைத் தூசியிலிருந்து காப்பது அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது உபரி வேலைதான். கிராங்க் ஷாஃப்டின் அச்சும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் அச்சும் ஒரே கோட்டில் நிற்பதற்கு இந்த வார்ப்பைத் தவிர வேறு எந்தப் பிடிமானமும் கிடையாது. எஞ்சின் ஒரு தொழிற்சாலையில் கடையப்பட்டது, பெட்டி இன்னொன்றில். இரண்டையும் நேர்ப்படுத்துவது பெல்தான்.

பட்டறையில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "எல்லா போல்ட்டும் ஏறிடுச்சுண்ணே, கரெக்டா இருக்கு." போல்ட் ஏறுவது எதையும் நிரூபிக்காது. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாக 11 மில்லிமீட்டர் துளை போடுவார்கள், இல்லாவிட்டால் கையால் நுழைக்கவே முடியாது. அந்த இடைவெளிக்குள் பெல் எந்தப் பக்கமும் அரை மில்லிமீட்டர் நகரலாம். ஆனால் அச்சு விலகலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் டயல் கேஜின் மொத்த அசைவாக 0.005 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர். போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும்தான். இடத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு டவல் பின்கள், அதாவது பெல்லின் துளைகளில் இறுக்கமாக நுழையும் எஃகு முளைகள். சில எஞ்சின்களில் அவை போல்ட்டைச் சுற்றி உட்காரும் சின்ன எஃகுக் குழாய்களாக இருக்கும். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும்போது முதலில் காணாமல் போகிற சாமான்களில் இதுவும் ஒன்று. ஹாஃப்-கட் எஞ்சின் வாங்கும்போது கார்புரேட்டர் இருக்கிறதா, ஆல்டர்னேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் டவல் பின்னைப் பார்ப்பதில்லை. நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

சரி, அச்சு கொஞ்சம் விலகினால் என்ன கெட்டுப்போகும்? இன்புட் ஷாஃப்டின் பின்பகுதி கியர்பாக்ஸின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதன் நுனி கிராங்க் ஷாஃப்டின் நடுவில் இருக்கும் பைலட் புஷ்ஷுக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் ஷாஃப்ட் மிக லேசாக வளைந்துதான் உட்காரும். வளைவின் திசை மாறாமல் நிற்கிறது, ஷாஃப்ட் மட்டும் சுற்றுகிறது. அதனால் உலோகத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபடும், ஒருமுறை நசுங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலைதான், அளவில் மட்டும் நுணுக்கமானது. 3,400 சுற்றில் ஓடினால் மணிக்கு இரண்டு லட்சம் தடவை. பினாங்குப் பாலம் கண்ணில் படுவதற்குள் ஆறு லட்சம் தாண்டிவிடும். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1860-களில் ரயில் அச்சுகளைச் சுழற்றிக்கொண்டே வளைத்துப் பார்த்து ஆராய்ந்தது இந்த உலோகக் களைப்பைத்தான். ஒரே தடவையில் உடைக்க முடியாத சுமையும் லட்சக்கணக்கான தடவை திரும்பி வந்தால் எஃகை உடைத்துவிடலாம் என்று அவர் காட்டினார். ரயில்வே பணிமனையின் நிழலில் வளர்ந்த கோலாலம்பூர் செந்தூல்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

நடைமுறையில் ஷாஃப்ட் உடைவதற்கு முன்பே வேறு இடங்கள் போய்விடும். பைலட் புஷ் பெரும்பாலும் எண்ணெய் ஊறிய வெண்கலம். கிளட்ச்சை மிதிக்காத நேரத்தில் கிராங்க்கும் இன்புட் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதற்கு உராய்வே கிடையாது. ஜாலான் ஈப்போ சிவப்பு விளக்கில் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்து நிற்கிறோமே, அப்போதுதான் அதற்கு வேலை. அச்சு விலகியிருந்தால் அதன் சுவரில் ஓயாமல் ஒரு பக்கச் சுமை விழும், வட்டத் துளை தன் அளவை இழந்து தளர்ந்துவிடும். கிளட்ச் பிளேட்டின் நடு ஹப், இன்புட் ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பற்களான ஸ்ப்லைன் மேல் ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாக நகர்ந்து பற்களைத் தேய்க்கும். கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் பிளேட் விடாமல் ஒட்டும், ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். சில பெட்டிகள் ஓட்டத்திலேயே கியரை விட்டுவிடும். அப்புறம் கிளட்ச் செட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதுதான்.

அளப்பது கஷ்டமான காரியமில்லை. கிளட்ச்சைக் கழற்றிவிட்டு பெல்லை மட்டும் எஞ்சினில் மாட்டி, போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். காந்த அடித்தளம் உள்ள டயல் கேஜை ஃப்ளைவீலில் ஒட்டி, அதன் ஊசி முனை பெல்லின் பின்புற நடுத்துளையின் உள்சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். கியர்பாக்ஸின் மூக்கு உட்காரப்போவது அந்தத் துளையில்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் முன் புல்லியில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைச் சுலபமாகச் சுற்றலாம். மேலே பூஜ்யம் வைத்துவிட்டு, ஒரு பக்கம், கீழே, மறுபக்கம் என்று நின்று நின்று படிக்க வேண்டும். மேலே 0, கீழே 0.30 என்று வந்தால் விலகல் 0.30 இல்லை, அதில் பாதி, 0.15. கேஜ் இரண்டு பக்கத்தின் வித்தியாசத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. பாதியாக்க மறந்தவர்கள் 0.30 நகர்த்தி, அதே பிழையை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். அதன் பிறகு கேஜைத் துளையின் பின்முகத்தில் வைத்து இன்னொரு சுற்று சுற்றினால் முகம் சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

திருத்துவதற்கு மையம் விலக்கிக் கடைந்த டவல் பின்கள் இருக்கின்றன. அமெரிக்க வி8 எஞ்சின்களுக்கு 0.007, 0.014, 0.021 அங்குல விலகலோடு தயாராகவே விற்கிறார்கள். நம் ஊர் ஜப்பானிய எஞ்சின்களுக்கு லேத் கடையில்தான் கடைந்து வாங்க வேண்டும். இரண்டு பின்னையும் ஒரே திசைக்குத் திருப்பி, கேஜ் அடங்கும்வரை பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும், பணம் அதிகம் வேண்டாம்.

அடுத்தது ஆழம். பிளாக்கின் முகத்திலிருந்து பைலட் புஷ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இன்புட் ஷாஃப்ட் பெல்லின் முன்முகத்தை ஒட்டி எங்கே முடிகிறது, இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டும். பொருந்தாத பெல்லையும் எஞ்சினையும் இணைக்க அடாப்டர் பிளேட் ஒன்றை நடுவில் சொருகினால் அதன் தடிமன் அளவுக்குப் பெட்டி பின்னால் போகும், நுனி புஷ்ஷை எட்டாமல் போகலாம். எதிர்மாறாக, ஷாஃப்ட் நீளமாக இருந்தால் நுனி கிராங்க்கின் அடியில் முட்டும். அந்த நிலையில் போல்ட்டை முறுக்கிப் பெட்டியை இழுத்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷர் நசுங்கும், அல்லது பெல்லின் காது உடையும். பெட்டி கையால் தள்ளியே கடைசி மில்லிமீட்டர்வரை போய் உட்கார வேண்டும். போகவில்லை என்றால் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. முன்சக்கர ஓட்டத்துக்கான எஞ்சினாக இருந்தால், கிராங்க்கில் பைலட் புஷ் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்த வகைப் பெட்டிகள் பலவற்றுக்கு அது தேவைப்படுவதில்லை.

கிளட்ச் பிளேட் இரண்டு வீட்டுப் பிள்ளை. வெளிவிட்டம் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடு ஸ்ப்லைன் கியர்பாக்ஸுக்கு. மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெல்லில் மாட்டும் வகையானால் ஃப்ளைவீல் பற்களோடு அதன் பினியன் சரியான தூரத்தில் கடிக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்து முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது நியூட்ரலில் வைத்துக் காதைக் கொடுங்கள். கிளட்ச்சை விட்டிருக்கும்போது வரும் இரைச்சல் மிதித்ததும் அடங்கினால், சந்தேகம் கியர்பாக்ஸின் முன் பேரிங் மேல். மிதித்த உடனே புதிதாகச் சத்தம் கிளம்பினால் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். மிதித்துக் கியரைப் போட்டுக் காத்திருக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் பைலட் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். அப்படியானால் பெட்டியை இறக்கிவிட்டு, புது புஷ் போடுவதற்கு முன் டயல் கேஜை எடுக்க வேண்டும்.