முடி உருண்டை என்று விட்டுவிடும் இருமல்

"டாக்டர், ரெண்டு மாசமா முடியைக் கக்கப் பாக்குது, ஒண்ணும் வெளிய வரல." பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இப்படிச் சொன்னதும், வீடியோ எடுத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். மேசையில் ஏற்றியதும் பெரும்பாலான பூனைகள் இருமலை மறந்து கல்லாகிவிடும். செல்போனில் பதினைந்து விநாடிக் காட்சி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உடம்பை நக்கும்போது விழுங்கிய முடியைக் கக்கும் பூனைக்கு எச்சில் ஊறும், வயிறு எக்கி எக்கிக் குலுங்கும். கடைசியில் நீளவாக்கில் முடித்திரளோ நுரையோ தரையில் கிடக்கும். இருமும் பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, 'கஹ் கஹ்' என்று இழுக்கும். முடிந்ததும் எதையோ விழுங்கிவிட்டு அது பாட்டுக்கு நடந்துபோகும். தரையில் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டாவது வகைக்குத்தான் முடி உருண்டை பேஸ்ட்டை மாதக்கணக்கில் நக்கக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இப்படித் திரும்பத் திரும்ப இருமும் பூனைக்கு ஆஸ்துமா இருக்கலாம். மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவதால் வரும் இருமல் அது. சியாமீஸ் இனத்தில் சற்று அதிகம். நாட்டுப் பூனைக்கும் வரும். நம் வீடுகளில் அதைத் தூண்டிவிட எதற்கும் பஞ்சமில்லை: மூடிய அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட், பூனையின் கழிவுத் தட்டில் தூசி பறக்கும் மணல். சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் பாட்டிமார் என்னை முறைப்பார்கள். பூனையை வேறு அறையில் விட்டுவிட்டுப் போடுங்கள் என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலே ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். மாத்திரையில் தொடங்கி, பிறகு முகமூடி பொருத்திய ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி மூச்சோடு உள்ளிழுக்க விடும் குழாய்) வழியாக இன்ஹேலருக்கு மாற்றலாம். இருமல் நின்றுவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எலி, பல்லி பிடித்துத் தின்னும் வெளிப் பூனையென்றால் நுரையீரல் புழுவையும் சந்தேகிப்போம். தும்மலும் கண்ணில் நீரும் சேர்ந்திருந்தால் வைரஸ் சளியாக இருக்கலாம். நாய் வளர்த்துப் பழகியவர்கள் இருமலென்றால் இதயம் என்று பயப்படுவார்கள். பூனைக்கு இதயம் செயலிழக்கும்போது பெரும்பாலும் இருமல் வராது, மூச்சுத்தான் வேகமாகும்.

ஆகவே மூச்சை எண்ணிப் பாருங்கள். பூனை தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-ஐ அடிக்கடி தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள்.

மனிதர்களின் மருந்து எதுவும் வேண்டாம். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த தைலத்தை மார்பில் தடவினாலும் ஆபத்துதான், நக்கியே உள்ளே இறக்கிவிடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் காற்றோட்டமான கூடையில் வைத்துக் கிளம்புங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டால் ஆக்ஸிஜன் தயாராக இருக்கும். மூச்சு சற்றுச் சீராகும்வரை நாங்கள் எக்ஸ்ரேகூட எடுக்க மாட்டோம். அந்த நிலையில் அழுத்திப் பிடித்தாலே உயிர் போய்விடக்கூடும்.