மூன்று மாதம் கழித்து அந்தக் குரல் எங்கே போகிறது?

உள்ளூர் மக்களுக்காக உள்ளூர் அமைப்புகளே நடத்தும் சமுதாய வானொலிக்கு மத்திய அரசு வழங்கும் அனுமதி ஒப்பந்தத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் விதி ஒன்று இருக்கிறது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை ஒலிபரப்பான நாளிலிருந்து மூன்று மாத காலம் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. புகார் எழுந்தால் எடுத்துக் கேட்டுப் பார்க்க அந்த அவகாசம் போதும். ஆனால் நான்காவது மாதத்தில் அந்தப் பதிவு என்ன ஆனது என்று கேட்பதற்கு யாரும் இல்லை. பழைய ஒலிநாடாக்களைச் சீர்செய்து டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றித் தருவது என் தொழில். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்து சேரும் கேசட்டுகளையும் ஹார்ட் டிஸ்குகளையும் கேட்டு வருகிறவர் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே முதலில் தொலைந்துபோவது பெண்களின் குரல். அதற்கு உப்புக் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது.

கடற்பாசி எடுக்கும் பெண்களின் கதையையே எடுத்துக்கொள்வோம். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்தத் தீவுகளைச் சுற்றிய பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரைப் பாசியும் எடுத்துப் பிழைத்துவந்த பெண்கள், ஒரே அறிவிப்பில் அத்துமீறி நுழைபவர்களாகிவிட்டார்கள். அதன் பின்னர் அவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டு அதிகாரிகளோடு வாதாடியதும், பாசி அழிந்துவிடாமலிருக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டதும் இந்த மாவட்டத்தின் முக்கியமான உரிமைப் போராட்டங்களுள் ஒன்று. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது கிடைத்தபோது செய்தித்தாள்கள் அதைப் பற்றி எழுதின. விருது பெற்ற செய்தியைத் தேடினால் இன்றும் கிடைக்கும். கடலுக்குப் போகும் நாளைப் பாதியாகக் குறைப்பது என்ற முடிவுக்கு அந்தப் பெண்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள், யார் மறுத்தார், எந்தச் சொல் கேட்டு அவர் இணங்கினார் என்பவை செய்தித்தாளில் இராது. யாரேனும் ஒலிப்பதிவுக் கருவியோடு அருகில் உட்கார்ந்திருந்தால்தான் உண்டு.

அப்படி உட்கார்ந்து எடுத்த பதிவுகளும் முழுமையாக ஒலிபரப்பாவதில்லை. ஒரு மணி நேரம் பேசியதைப் பத்து நிமிட நிகழ்ச்சியாகச் சுருக்கும்போது, ஒரு நாள் வருமானம் எவ்வளவு, அரசாங்கம் என்ன உதவி செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கான விடைகள் தப்பிப் பிழைக்கும், மற்றவை போய்விடும். வெட்டப்படாத மூலப் பதிவைக் கேட்டால்தான் போனது எவ்வளவு என்று தெரியும். பேட்டி எடுப்பவர் போதும் என்று சொன்ன பிறகும் கருவியை நிறுத்த மறந்திருப்பார். அதுவரை மேடையில் நிற்பதுபோல் விறைப்பாகப் பேசிய பெண், அப்போதுதான் பக்கத்திலிருப்பவளிடம் இயல்பாகப் பேசத் தொடங்குவார். பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணிக் கீற்றைச் சுற்றுவது எப்படி, முடிச்சு எந்தப் பக்கம் வர வேண்டும், கச்சான் காற்றடிக்கும்போது எந்தத் தீவின் எந்தப் பக்கம் தண்ணீர் தெளிந்திருக்கும், வனத்துறைப் படகின் சத்தம் கேட்டால் பாசிப் பையை என்ன செய்வது என்பதெல்லாம் ஒருவர் தொடங்க, இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் சிரிக்க, ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். பேச்சு தெளிவாக இல்லை என்று தொகுப்பாளர் வெட்டியெறிந்த பகுதி அதுதான். என்னைக் கேட்டால், ஒலிபரப்பான நிகழ்ச்சியையும் மூலப் பதிவையும் சேர்த்து வைக்க இடமில்லாத நிலையில், மூலப் பதிவைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இதைவிடப் பெரிய இழப்பு உறை மேல் எழுதும் தலைப்பில் நேர்கிறது. 'மீனவர் பேட்டி, பாம்பன்' என்று எழுதியிருக்கும். கேட்டால் முக்கால்வாசி நேரம் பேசுபவர்கள் கருவாடு காயவைக்கும் பெண்கள். 'கிராமியப் பாடல், மூதாட்டி' என்று எழுதியிருக்கும். அந்த மூதாட்டிக்குப் பெயர் இராது, ஊர் இராது, சில உறைகளில் தேதிகூட இராது. அதே பெட்டியில் உள்ள சங்கத் தலைவரின் பேட்டிக்கு மட்டும் பெயர், தந்தை பெயர், பொறுப்பு எல்லாம் இருக்கும். காப்பகத்தைப் பொறுத்தவரை, தலைப்பில் இல்லாதவர் பதிவிலும் இல்லாதவரே. பிற்காலத்தில் ஆய்வுக்காகத் தேடி வருகிறவர் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார்; ஆயிரம் மணி நேர ஒலியை உட்கார்ந்து கேட்க யாருக்கும் பொழுது இல்லை.

பண்பாடு ஒரு பெட்டி, போராட்டம் இன்னொரு பெட்டி என்று பிரிக்கும் வழக்கமும் இங்கே பொருந்துவதில்லை. ஒப்பாரியைப் பண்பாட்டுப் பெட்டியில் போடுவார்கள். இந்தக் கடற்கரை ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் இறந்தவரின் புகழ் கொஞ்சமும் இருப்பவர் மேலான வழக்கு நிறையவும் இருக்கும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதைப் பார்த்த தலைமுறையின் புலம்பலில் ஆள் பெயர், படகின் பெயர், உதவி கேட்டுப் போன இடம், திருப்பி அனுப்பியவர் சொன்ன சொல் என்று ஒரு மனுவில் இருக்க வேண்டிய அத்தனையும் இருக்கும். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றவர்களை மீட்கக் கோரி தங்கச்சிமடத்திலும் இராமேஸ்வரத்திலும் பெண்கள் சாலையில் உட்காரும்போது, முழக்கம் ஓய்ந்த இடைவெளியில் அதே ஒப்பாரி எழுவதுண்டு. அந்தப் பதிவை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? இரண்டு தலைப்பிலும் பட்டியலிட வேண்டும் என்பதே என் விடை. பட்டியலில் கூடுதலாக ஒரு வரி எழுத யாருக்கும் காசு செலவாவதில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களின் வீட்டு அலமாரிகளில் வேறொரு வகைக் கேசட்டுகள் கிடக்கின்றன. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன ஆண்களுக்கு, கடிதத்துக்குப் பதிலாக வீட்டுப் பெண்கள் பேசி அனுப்பியவை. பிள்ளையின் மழலை, மாமியாரின் இருமல், பெண்கள் கூடி ஓதிய பைத்து என்னும் இசுலாமியப் புகழ்ப்பாட்டு, ஊரில் நடந்த பஞ்சாயத்து என்று எல்லாம் கலந்திருக்கும். வானொலியிலிருந்து வீட்டில் பதிவுசெய்தவையும் இவற்றோடு இருக்கும். இந்தக் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையத்தைப்போலத் தெளிவாகக் கேட்ட காலம் அது. அதன் அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலுக்காகவே டேப் ரெக்கார்டரை வானொலிப் பெட்டிக்கு எதிரே வைத்துப் பதிந்தவர்கள் உண்டு. பின்னணியில் அடுப்படிச் சத்தமும் சேர்ந்து பதிந்திருக்கும்.

பெண்களின் ஒலியைத் தனியே தொகுத்துக் காக்கும் முயற்சிகள் புதியவை அல்ல. அமெரிக்காவின் பசிபிகா வானொலிக் காப்பகம், 1963 முதல் 1982 வரையிலான பெண்ணியப் பதிவுகள் அடங்கிய சுமார் 2,000 ஸ்பூல் நாடாக்களை, அதாவது கேசட் கூடு இல்லாமல் சுருளில் சுற்றிய நாடாக்களை, அடையாளம் கண்டு டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறது. நம் நாட்டில் எழுத்தாளர் அம்பை, அதாவது சி.எஸ். லட்சுமி, இன்னும் இருவருடன் சேர்ந்து 1988இல் மும்பையில் தொடங்கிய 'ஸ்பாரோ' காப்பகம் பெண்களின் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் சேகரித்து வருகிறது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் வானொலி 2008இல் ஒலிக்கத் தொடங்கியது. நம் பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016இல் 'கடல் ஓசை' 90.4 வந்தது. ஆகவே பேசுவதற்கு அலைவரிசை இல்லை என்று இனி சொல்ல முடியாது. பேசியதை வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் பின்தங்கியிருக்கிறது.

அந்த ஏற்பாட்டுக்குக் காலம் அதிகம் இல்லை. காந்த நாடாவில் உள்ளவற்றை வழக்கமான முறையில் பிரதியெடுப்பது 2025ஆம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய முடியாததாகிவிடும் என்று யுனெஸ்கோவும் சர்வதேச ஒலிக் காப்பகச் சங்கமும் முன்பே எச்சரித்தன. நாடா கெடுவது ஒரு காரணம். அதை ஓட்டும் டெக்குகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருவது இன்னொரு காரணம். கடலோர வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். நாடாவின் மேற்பூச்சைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகுவதால், ஓட்டும்போது கிறீச்சிடும் சத்தம் வரும்; நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு நிற மாவு படியும். அந்த மாவுதான் குரல். அந்தச் சத்தம் கேட்ட கணமே நிறுத்திவிட வேண்டும். சில வகை ஸ்பூல் நாடாக்களை 50 டிகிரியைச் சற்றே தாண்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தித் தற்காலிகமாக மீட்க முடியும் என்பது உண்மை. ஆனால் புளித்த காடி வாசம் வீசும் பழைய அசிடேட் நாடாவுக்கு அதே வைத்தியம் செய்தால் சுருண்டு முறுக்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாமல் போகும். வீட்டில் ஹேர் டிரையரால் சூடுகாட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

பதிந்த கருவியின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தால், வேறு கருவியில் ஓட்டும்போது குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்கும். பாட்டியின் குரலே அப்படித்தான் என்று குடும்பத்தார் நினைத்திருப்பார்கள். ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, சகர ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தியதும் சொல் சொல்லாகப் பிரிந்து வரும். பிரதியெடுத்த பின் கணினியில் மென்பொருளால் ஒலியைக் கூராக்குவது இதற்கு ஈடாகாது. இரைச்சலை முழுவதும் நீக்கித் தருமாறு கேட்பவர்களுக்கும் நான் இணங்குவதில்லை; அலைச்சத்தமும் தராசுத் தட்டின் சத்தமும் அந்தப் பதிவின் சாட்சியங்கள்.

சம்மதம் பற்றி நம் ஊரில் பேசுவதே இல்லை. பாடியவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவரின் உரிமைக்கு 50 ஆண்டுக் காலம் தருகிறது. சட்டத்தை விடுங்கள். தன் கணவருக்கென்று பேசி அனுப்பிய கேசட்டை இணையத்தில் ஏற்ற ஒரு பெண் விரும்பாமலிருக்கலாம். தீவுக்குப் போனதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவருக்கு அதனால் வழக்கு வரலாம். பெயரைப் பதிய வேண்டும் என்று மேலே வற்புறுத்திய நானே, இத்தகைய பதிவுகளில் பெயரைக் காப்பகத்தின் உள் பதிவேட்டில் மட்டும் எழுதிவைத்து, இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று உறை மேல் குறிக்கச் சொல்கிறேன். பூட்டி வைத்தாலும் அது இருக்கும். பேசியவர் விருப்பத்தை மீறி வெளியிட்டுவிட்டால், அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செலவு ஒரு சாக்காக இருக்க முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி இடம் போதும். ஒரு டெராபைட் டிஸ்கில் 950 மணி நேரத்துக்குமேல் அடங்கும். எம்பி3 பிரதியைக் கேட்பதற்கும் பகிர்வதற்கும் வைத்துக்கொள்ளலாம். காப்பதற்கு, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் வடிவமே வேண்டும். மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றாவது கடற்கரையிலிருந்து தள்ளி, மதுரையிலோ பரமக்குடியிலோ இருக்கட்டும். புயல் வந்தால் நிலையமும் வீடும் ஒரே நாளில் நனையும்.

வீட்டில் கேசட் இருப்பவர்கள் அதை ஆவலில் உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம். முதலில் அதன் முதுகு விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாக அதன் மேல் எதையும் பதிய முடியாது. தாலாட்டின் மேல் சினிமாப் பாட்டு ஏறிய கேசட்டுகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. பிறகு அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் யார் என்று விசாரித்து, பேசியவர் பெயர், ஊர், செய்த தொழில், பதிந்த ஆண்டு, பதிந்தவர் என்ற வரிசையில் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.