கழுவாத பயோகேஸ்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. கோழி எருவிலிருந்து எடுத்த பயோகேஸில் ஓடும் ஜெனரேட்டரின் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மாற்றி இருபது நாள்கூட ஆகவில்லை, தார் மாதிரி கறுத்திருந்தது. இன்ஜினைப் பிரித்தால், செம்புக் கலவையில் செய்த ஒரு புஷ் (தண்டு சுழலும் வளையம்) நிறம் போய்க் கரியாகக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. பண்ணைக்காரர் கேட்டார்: "ஏன் சார், அடுப்பும் எரியுது, இன்ஜினும் ஓடுது. அப்புறம் எதுக்கு கேஸைச் சுத்தம் பண்ணணும்?"

இந்தக் கேள்வியைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். எருவை மூடிவைத்து மக்கவிடும் டைஜஸ்டர் தொட்டியிலிருந்து வருவது, எரியும் வாயுவான மீத்தேன் மட்டும் அல்ல. அது 55 முதல் 65 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கூடவே ஈரமும், கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும். அழுகிய முட்டை நாற்றம் இந்தச் சல்பைடால்தான் வருகிறது. கோழி எருவில் புரதம் அதிகம் என்பதால் கந்தகமும் அதிகம். அந்தப் பண்ணையில் அளந்தபோது சல்பைடு 3,000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 3,000 பங்கைத் தாண்டியது. எரியும்போது இது கந்தக டை ஆக்சைடாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும். ஆயிலைக் கெடுத்தது அந்த அமிலம்; செம்பைக் கறுக்க வைத்தது சல்பைடே.

ஃபில்டர் இல்லாமல் இல்லை. லேத் பட்டறை இரும்புச் சுருள் நிரப்பிய டிரம் ஒன்று இருந்தது. நிரப்பி எட்டு மாதம் ஆகிறது என்றார்கள். சல்பைடைப் பிடித்து வைப்பது இரும்பின் மேலுள்ள துரு. அதனால் பளபளவென்று புதிதாக வந்த சுருளை அப்படியே போடாமல், நனைத்துச் சில நாள் துருப்பிடிக்க விட்டு நிரப்ப வேண்டும். துரு முழுக்கக் கறுத்துவிட்டால் டிரம் இருந்தும் பயனில்லை, கேஸ் அப்படியே கடந்து போய்விடும்.

பழைய சுருளை வெளியே எடுக்கும்போதும் கவனம் வேண்டும். காற்றுப் பட்டதும் அது சூடாகும். வேறோர் இடத்தில் அதைச் சாக்குப் பைகளுக்குப் பக்கத்தில் குவித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் சாக்கு புகைந்துகொண்டிருந்தது. நன்றாக நனைத்து, வெட்டவெளியில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள்.

அன்றைக்கு என்னைப் பதற வைத்தது ஆயில் அல்ல. அங்கே வேலை பார்க்கும் தம்பி சொன்னது: "காலையில நாத்தம் தாங்கல சார், இப்ப சுத்தமா இல்ல." சுமார் 100 பிபிஎம் வந்தாலே இந்த வாயு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றதை வாயு போய்விட்டதாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழலாம். காற்றைவிடக் கனமானது, சாணிக்கரைசல் தொட்டிக்குள் தங்கி நிற்கும். ஒருவர் விழ, தூக்கப் போனவரும் விழுவார். மீட்டரால் அளக்காமல், புளோயர் ஓட்டாமல், இடுப்பில் கயிறு கட்டி மேலே ஆள் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் சல்பைடையும் ஈரத்தையும் எடுத்தால் போதும். வண்டிக்கு என்றால் கரியமில வாயுவும் போக வேண்டும். எரியாத வாயுவை 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்துச் சுமப்பதில் அர்த்தமில்லை. இதற்கு எளிய வழி தண்ணீர். கோலி சோடாவில் கரைந்திருப்பதும் இதே கரியமில வாயுதான். மீத்தேனைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாகத் தண்ணீரில் கரையும். உயரமான டவரில் மேலிருந்து தண்ணீர் இறங்கும், கீழிருந்து அழுத்திய கேஸ் ஏறும். சரியாக ஓட்டினால் மேலே 95 சதவீதத்துக்கு மேல் மீத்தேன் கிடைக்கும். ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் கரைவது குறையும். சித்திரை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் ஓட்டிவிட்டு, மெஷின் சரியில்லை என்பது நியாயமில்லை.

அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் மீத்தேனும் போகும். இடையில் ஒரு தொட்டியில் அழுத்தத்தைக் குறைத்து அதைத் திரும்பப் பிடிக்கலாம். செலவு என்று இதைத் தவிர்க்கச் சொல்பவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதைக் காற்றில் விட்டுவிட்டு, இது பசுமை எரிபொருள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று, சல்பைடைக் குறைக்க டைஜஸ்டருக்குள் கொஞ்சம் காற்று விடும் முறை உண்டு. ஜெனரேட்டருக்குச் சரி, அளவு மீறினால் வெடிக்கும் ஆபத்து. வண்டி கேஸுக்கு வேண்டவே வேண்டாம். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தண்ணீரால் கழுவி எடுக்க முடியாது. பயோகேஸுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 16087-இன்படி மீத்தேன் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும், சல்பைடு கனமீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மத்திய அரசின் 'சதத்' (SATAT) திட்டம் 2018-இல் வந்தபின் எண்ணெய் நிறுவனங்கள் இப்படிச் சுத்தம் செய்த வண்டி கேஸை வாங்குகின்றன. 2022-இல் இந்தூரில் தொடங்கிய ஆலை, தினமும் 550 டன் ஈரக் குப்பையிலிருந்து 17 டன் கேஸ் எடுக்கும்படி கட்டப்பட்டது.

அந்தப் பண்ணையில் இப்போது இரண்டு டிரம். ஒன்று ஓடும்போது மற்றொன்றில் சுருள் மாற்றுகிறார்கள். நிரப்பிய தேதியை டிரம்மின் மேலேயே வெள்ளை பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார் அந்தத் தம்பி. மீட்டர் அவர் சட்டைப் பையில்.