மக்கள்தொகை நிலைமாற்றம்: ‘மாற்றம்’ என்றால் போதாதா?

பிறப்பும் இறப்பும் மிகுந்த நிலையிலிருந்து இரண்டும் குறைந்த நிலைக்கு ஒரு நாடு போவதை ஆங்கிலத்தில் ‘டெமோகிராஃபிக் டிரான்சிஷன்’ என்பார்கள். அதைப் பலரும் ‘மக்கள்தொகை மாற்றம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஓர் ஊரில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு மாறினாலும் அதே ‘மக்கள்தொகை மாற்றம்’தான். இரண்டும் வேறு வேறு சங்கதி. இலங்கைத் தமிழர்கள் பின்னதைக் ‘குடிப்பரம்பல் மாற்றம்’ என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். முன்னதற்கு ‘நிலைமாற்றம்’ என்பதே பொருத்தம் என்பது என் கட்சி.

‘டெமோஸ்’ என்றால் கிரேக்கத்தில் மக்கள். அதோடு எழுதுதல் என்ற பொருளுள்ள சொல்லைச் சேர்த்து, 1855-இல் அசீல் கியார் என்ற பிரெஞ்சுக்காரர் ‘டெமோகிராஃபி’யை உருவாக்கினார். டிரான்சிஷனுக்கு இலத்தீன் வேர். கடந்து போதல் என்று பொருள். கடப்பதென்றால் இந்தக் கரை, அந்தக் கரை என்று இரண்டு வேண்டும். ‘நிலை’ என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

இந்தக் கரையில் பிறப்பும் அதிகம், இறப்பும் அதிகம். இந்தியாவில் 1911-இல் சுமார் 25.2 கோடிப் பேர். 1921-இல் சுமார் 25.1 கோடி. பத்தாண்டுப் பிறப்பு முழுவதையும் நோய்கள், முக்கியமாக 1918-இன் இன்ஃப்ளூயன்சா, விழுங்கிவிட்டன. அந்தக் கரையிலும் கணக்கு ஏறக்குறைய நேராகும், ஆனால் இரண்டும் குறைவாக இருக்கும். நடுவில்தான் வெள்ளம். இறப்பு முதலில் சரியும், பிறப்பு மெதுவாகத்தான் பின்தொடரும். இலங்கையில் 1946-இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டே 14 ஆனது. டிடிடி தெளித்து மலேரியாவை அடக்கியது அதற்கு ஒரு காரணம். எவ்வளவு பெரிய காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. மருந்தடித்துக் கொசுவை ஓராண்டில் குறைக்கலாம், ஆனால் ‘நாலு பெற்றால் இரண்டேனும் தங்கும்’ என்று கணக்குப் போட்டுப் பழகிய குடும்பம் ஓராண்டில் மனம் மாறாது. பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்ற நம்பிக்கை வர வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும், பள்ளிச் செலவு கையைக் கடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பெருகுவதைத்தான் ‘மக்கள்தொகை வெடிப்பு’ என்றார்கள்.

நாடுகளை இப்படி வகை பிரித்து 1929-இல் எழுதியவர் அமெரிக்கரான வாரன் தாம்சன். 1934-இல் பிரான்சின் அடால்ஃப் லாந்த்ரி இதைப் ‘புரட்சி’ என்றே அழைத்தார். 1945-இல் இன்னோர் அமெரிக்கரான ஃபிராங்க் நோட்ஸ்டைன் எழுதியதற்குப் பிறகுதான் டிரான்சிஷன் நிலைத்தது.

சரி, ‘மக்கள்தொகை’க்கு வருவோம். சிலர் ‘மக்கட்தொகை’ என்று எழுதுகிறார்கள். அது பாதிப் புணர்ச்சி. முள்+தாள் (முள்ளுள்ள தண்டு) முட்டாள் ஆவதுபோல முழுதாகப் புணர்த்தால் ‘மக்கட்டொகை’ என்று வரும். அது நாக்கைச் சுளுக்குமென்றால் ‘மக்கள்தொகை’ என்று பிரித்தே எழுதலாம். இலங்கையில் சனத்தொகை, குடித்தொகை என்கிறார்கள். குடித்தொகை நல்ல சொல்தான்; ஆனால் தமிழ்நாட்டில் சொன்னால் டாஸ்மாக் கணக்கா என்று கேட்பார்கள்.

தமிழ்நாடு எப்போதோ மறுகரை ஏறிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு இங்கே 1.8 குழந்தைகள், இந்திய அளவில் 2.0. தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை குறையாமல் இருக்கச் சுமார் 2.1 வேண்டும். அப்படியும் கூட்டம் உடனே குறைந்துவிடாது. ஏற்கெனவே பிறந்துவிட்ட, இனிப் பிள்ளை பெறப்போகும் இளைஞர்கள் அதிகம். இதற்கு ‘உந்தம்’ என்ற இயற்பியல் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

சமுதாயத்துக்கு வயதாவதை ‘மூப்படைதல்’ எனலாம். முதுமை ஆளுக்கு, மூப்படைதல் மக்கள்தொகைக்கு என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. 65 வயது கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆகப் பிரான்சுக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை, 24 ஆண்டுகளே.

என் சொல்லுக்கும் ஒரு சிக்கல் உண்டு. மறுகரை நிலையாக இருக்கும் என்றுதான் பழைய கோட்பாடு நினைத்தது. தென்கொரியாவில் 2023-இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான். ஜப்பானின் மக்கள்தொகை பத்தாண்டுக்கு மேலாகச் சுருங்கிவருகிறது. திருமணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போவதை வைத்து 1980-களிலேயே ‘இரண்டாம் நிலைமாற்றம்’ என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அது போய்ச் சேரும் நிலை எது என்று யாரும் இன்னும் வரைந்து காட்டவில்லை.