அவுட் ஆஃப் பொசிஷன் என்றால் முந்துகை

பந்தயம் கட்டி ஆடும் சீட்டாட்டமான போக்கரை ஆடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல், ‘அவுட் ஆஃப் பொசிஷன்’. ‘மல்டிவே பாட், அவுட் ஆஃப் பொசிஷன், வல்னரபிள் ஹேண்ட், அதனால் செக்’ என்று ஒரே தொடராகவும் வரும். இதை ‘நிலைக்கு வெளியே’ என்று மாற்றினால் ஆட்டம் தெரிந்தவருக்கும் புரியாது.

பொருள் எளியதுதான். செக் சொல்வதா (பந்தயம் கட்டாமல் முறையை அடுத்தவருக்கு விடுவது), பந்தயம் கட்டுவதா, சீட்டை மடக்குவதா என்று எதிராளிக்கு முன்னால் நீங்கள் சொல்லியாக வேண்டும். அவர் உங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார். அவரைப் பார்த்து முடிவெடுக்க உங்களுக்கு வழியில்லை.

‘பொசிஷன்’ என்பதன் வேர் ‘போனெரே’ என்ற லத்தீன் வினை. வைத்தல் என்று பொருள். அதனால் இந்தச் சொல் இடத்தைத்தான் காட்டுகிறது. ஆட்டத்தில் முக்கியமோ வரிசை. டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ‘ஸ்மால் பிளைண்ட்’ இருக்கையைப் பாருங்கள், சீட்டு வருவதற்கு முன்பே சிறு பந்தயம் கட்டியாக வேண்டியவரின் இருக்கை அது. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் பொதுச் சீட்டுகள் விழுவதற்கு முன், அங்கே இருப்பவர் கடைசிக்கு முந்தையவராகப் பேசுகிறார். முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்ததும் அவரே எல்லாருக்கும் முதலில் பேச வேண்டும். இருக்கை மாறவில்லை, முறை மாறிவிட்டது. ஆகவே நிலை, இடம், இருக்கை ஆகிய மூன்றுமே இங்கே பொருந்தாது என்பது என் கருத்து.

ஜெர்மானியர்கள் இதைக் கையை வைத்தே சொல்லிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்டன்பர்க் நகரில் உருவான ஸ்காட் என்ற மூவர் சீட்டாட்டத்தில் ‘ஃபோர்ஹாண்ட்’, ‘மிட்டெல்ஹாண்ட்’, ‘ஹின்டர்ஹாண்ட்’ என்கிறார்கள். நேராகச் சொன்னால் முன்கை, நடுக்கை, பின்கை. அழகான சொற்கள். ஆனால் தமிழில் முன்கை என்றால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள பகுதி. குழப்பம் வரும்.

நம்மிடம் இன்னும் பொருத்தமான வினைகள் இருக்கின்றன. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்கிறோமே, அந்த முந்தும் பிந்தும். முந்துகை, பிந்துகை. முந்து என்பதன் தொழிற்பெயராகவும் நிற்கிறது, சீட்டு பிடித்த கையையும் நினைவூட்டுகிறது. ‘அவுட் ஆஃப் பொசிஷன்’ முந்துகை, ‘இன் பொசிஷன்’ பிந்துகை. போக்கரும் ஒரு படைதான், அதில் பிந்தியவருக்கே ஆதாயம்.

எவ்வளவு ஆதாயம் என்பது நல்ல சீட்டு வந்த நாளில்தான் உறைக்கும். ஸ்மால் பிளைண்டில் இருக்கிறீர்கள், கையில் இஸ்பேட் ராணியும் டைமன் ராணியும். உங்களையும் சேர்த்து நான்கு பேர் நிற்கிறார்கள். பொதுச் சீட்டாக ஆட்டின் பத்து, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நாலு விழுகின்றன. இப்போதைக்குப் பெரும்பாலும் உங்கள் கைதான் மேல். ஆனால் யாரிடமாவது இரண்டு ஆட்டின் இருந்தால், இன்னும் விழவேண்டிய இரண்டு சீட்டில் அவருக்கு ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, சேர ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு உண்டு. எட்டும் ஏழும் வைத்திருப்பவர் ஐந்து சீட்டு வரிசையாகச் சேர ஜாக்கிக்கோ ஆறுக்கோ காத்திருப்பார். அவருக்கும் 31 சதவீதம் இருக்கிறது. சரி, செக் சொல்லலாமென்றால், எல்லாரும் செக் சொல்லி அடுத்த சீட்டை இலவசமாகப் பார்த்துவிடலாம். பந்தயம் கட்டினால் உங்களுக்குப் பின்னால் இன்னும் மூவர் இருக்கிறார்கள். அவர்களில் யார் பந்தயத்தை ஏற்றுவார் என்று தெரியாமலே கட்டுகிறீர்கள். பிந்துகையில் அதே ராணி ஜோடி இருந்தால் மூவரும் பேசிய பிறகு நிதானமாக அளந்து கட்டலாம்.

ஆள் கூடக் கூட இது மோசமாகும். ஆஸ் ஜோடியே கடைசி வரை ஒரே எதிராளியோடு நின்றால் சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும். எதிரே நால்வர் எந்தச் சீட்டோடும் நின்றால் சுமார் 56தான். அதனால்தான் முந்துகையில் இருப்பவர், பொதுச் சீட்டு விழுவதற்கு முன்பே பெரிதாக ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்கப் பார்க்கிறார். அப்படியும் பலர் வந்துவிட்டால், அப்புறம் மூன்றாவது ஆட்டின் விழுந்த இடத்தில் பணத்தைப் பெருக்காமல் நிதானிக்கிறார்.

‘மல்டிவே பாட்’ என்பதற்குப் ‘பலர் நிற்கும் ஆட்டம்’ போதும். பாட் இங்கே பந்தயப் பணத்தின் குவியல், அந்தச் சொல்லுக்குப் பானை என்றும் பொருள் என்பதற்காகப் பல்வழிப் பானை என்றெல்லாம் எழுத வேண்டாம். ‘வல்னரபிள்’ மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். பலவீனமான கை என்று எழுதினால் தவறு, ராணி ஜோடி பலமான கை. ‘அடிபடக்கூடிய கை’ என்பதே நெருக்கமாகப் படுகிறது. முழுத் தொடரையும் இப்படிச் சொல்லிப் பார்த்தேன்: “நாலு பேர் நிற்கும் ஆட்டம், எனக்கு முந்துகை, ராணி ஜோடி அடிபடக்கூடியது, அதனால் செக்.”